நாலு சுற்றுக் கம்பி

மார்ச் 3, ஞாயிறு

இன்று கடைக்கு மேலே எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: என் மகன் தண்டபாணி. மருமகள் பூங்கொடி, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில், பேச்சு எந்தப் பக்கம் முடிகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ள வசதியாக. பேத்தி தாரிகா, மடியில் லேப்டாப். எதிர்க்கடைக்காரன் மகன் கதிர்வேல், என்னைக் கேட்காமலே நாற்காலியில். சுவரில் தண்டபாணியின் அப்பா, சந்தன மாலையோடு. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கமும் எழுதும் வழக்கமும் எனக்கு இல்லை. அவர் படத்துக்குக் கீழே அவர் கையால் செய்த 'மயில்' ஆம்ப்ளிஃபயர். பிறகு நான், மயிலாத்தாள். அந்தப் பெட்டியின் பெயர் என் பெயர்தான்.

வராதவன் எதிர்க்கடைக்காரன் சென்னியப்பன். வந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுவது என் பழக்கம். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. டைரி எனக்காக இல்லை. "நான் அன்னைக்கு அங்க இல்லவே இல்லீங்க" என்று நாளைக்குச் சொல்கிறவர்களுக்காக.

கதிர்வேல்தான் ஆரம்பித்தான். "அத்தை, ரெண்டு கடையும் தனித்தனியாச் செத்துட்டு இருக்குதுங்க. ஒண்ணாப் பண்ணீட்டோம்னா பொழச்சுக்கலாம்."

அத்தை என்கிறான். முறைதான். அவன் அப்பன் என் கூடப்பிறந்த தம்பி. அதை எழுதாமல் விட முடியாது.

"உங்க கடை சாகறது எனக்குத் தினமும் காத்தால ஜன்னல் வழியாவே கேக்குது" என்றேன்.

தண்டபாணி குறுக்கே வந்தான். "வாடகைக்கு மைக் செட்டு உடற பொழப்பு இனி ஆகாதும்மா. நோம்பி நொடின்னா லாரி நெறையப் பொட்டி அடுக்கற டிஜேகாரனைத்தான் கூப்புடறாங்க. பழையபடி நாமளே ஆம்ப்ளிஃபயர் பண்ணி விக்கலாம். தாரிகா டிசைன் பண்றேங்கறா. ஆனா ஒத்தைக் கடையா அது முடியாது."

தாரிகாவுக்குப் பெங்களூரில் வேலை வந்திருக்கிறது. ஏப்ரல் பதினஞ்சாம் தேதி போய்ச் சேர வேண்டும். "கடை சேந்துச்சுன்னா நான் இங்கயே இருந்துக்கறேன் அப்பத்தா. இல்லாட்டிப் போயிருவேன்" என்றாள். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடையும் கட்டடமும் என் பேரில் இருக்கின்றன. நான் சம்மதிக்காமல் எதுவும் எதோடும் சேராது.

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். தாரிகா போனால் என் கால் நகம் வெட்ட ஆள் இருக்காது. பூங்கொடி வெட்டினால் சதையோடு வெட்டுவாள்.

கதிர்வேலுக்குக் காபி கொடுத்தது பூங்கொடி. நான் சொல்லவில்லை.

மார்ச் 4, திங்கள்

நகம் வெட்டிக்கொண்டே தாரிகா கேட்டாள். "அப்பத்தா, நீயும் அந்தத் தாத்தாவும் அப்புடி என்னத்துக்குச் சண்டை போட்டீங்க?"

"உன்ற கம்ப்யூட்டர்ல பாரு" என்றேன். பிறகு நானே சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

தேர் அச்சு முறிந்த வருஷம். அப்போது தண்டபாணியின் அப்பாவும் சென்னியப்பனும் இதே கடையில் ஒன்றாக செட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். நோம்பிக்கு ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர் செய்து, கோயில் முன்னால் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள்.

"ஸ்பீக்கரு உசுருள்ளதுங்க மாமா. அது எவ்வளவு இழுக்குதுன்னு பாத்துத்தான் குடுக்கோணும்" என்றான் சென்னியப்பன்.

"வாசல்ல என்ன வந்து நிக்குதுன்னு பாத்தாப் போதும். உள்ள இழுக்கறதைப் போயி எண்ணிட்டு இருக்கறது நம்ம வேலையில்லை" என்றார் அவர்.

பேச்சு முற்றி, இவன் செய்த செட்டை அவர் தூக்கி வீதியில் வைத்தார். எறிந்தார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். வைத்தார் என்றுதான் நான் எழுதுவேன். இவன் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டினான். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "அக்கா, நீயே சொல்லு, எது நல்லாக் கேட்டுது?" என்றான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். புருஷன் பக்கம் நிற்காமல் வேறு எந்தப் பக்கம் நிற்பது?

சரியாக எதிரிலேயே கடை போட்டான். அவன் கல்யாணத்தில் இணைச்சீர்ப் புடவை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் நின்ற அக்கா நான். என் மகன் கல்யாணத்தில் தலையில் உருமால் கட்டிவிடத் தாய்மாமன் வரவில்லை. பத்திரிகை வைத்தீர்களா என்று தாரிகா கேட்டாள். கூடப்பிறந்தவனுக்குப் பத்திரிகை எதற்கு?

தம்பி போன பிறகு என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. செட்டைப் பிரிப்பார், பூட்டுவார், மறுபடி பிரிப்பார். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அடுப்படிக்கு வந்து என் கரண்ட் அடுப்பைத் திருப்பி வைத்து, அதன் சுருள் கம்பியில் நாலு சுற்றை வெட்டி எடுத்துக்கொண்டார். எதுக்குங்க என்றேன். ஒரு ஆராய்ச்சி என்றார். அன்று சாயங்காலம் 'மயில்' பாடியதுபோல அதற்கு முன் எந்தச் செட்டும் பாடிக் கேட்டதில்லை. தவில் அடித்தால் அடி வயிற்றில் வந்து விழுந்தது. அப்போது தெரிந்துகொண்டேன், இவருக்கு அவன் தேவையில்லை என்று.

அந்த அடுப்பு, தலைப்பிரசவத்தில் எனக்கு வெந்நீர் வைக்கத் தம்பி வாங்கிக் கொடுத்தது. நாலு சுற்றுக் குறைந்ததும் வெறி பிடித்ததுபோலக் காய்ந்து, அந்தப் பொங்கலுக்குள் கருகிப்போனது. அதில் அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 7, வியாழன்

ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை. மொட்டை மாடிக் குழாய் சொட்டுகிறது.

எந்த முறையில் செட்டுச் செய்வது என்று முடிவெடுக்க, தாரிகா இரண்டு முறையையும் லேப்டாப்புக்குள்ளேயே செய்து பார்க்கிறாள். சிமுலேஷன் என்கிறாள். ஈயம் உருகவில்லை, புகை வரவில்லை, யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. விரதச் சமையல்போல இருக்கிறது, ருசி பார்க்காமலே உப்புப் போடுவது.

"ஆம்ப்ளிஃபயரு தான் அனுப்புனது சரியாப் போச்சான்னு திரும்பிப் பாத்துத் தன்னைத் திருத்திக்கும் அப்பத்தா. அதுதான் ஃபீட்பேக். ஓல்டேஜ் முறைன்னா, ஸ்பீக்கரோட வாசல்ல எவ்வளவு ஓல்டேஜ் நிக்குதுன்னு பாக்கும். நம்ம அப்பாரு 'மயில்'ல செஞ்சது. கரண்ட் முறைன்னா, ஸ்பீக்கர் உள்ள எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாக்கும். அதுக்கு ஸ்பீக்கரோட காலடியில ஒரு சின்ன ரெசிஸ்டர் வெக்கோணும். கரண்ட் மொத்தமும் அது வழியாத்தானே வெளிய போகோணும், அங்க நின்னு எண்ணிக்கலாம். அந்தத் தாத்தா செஞ்சது அது."

எனக்குப் புரிந்தது. ஒருத்தி இலையில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்துப் பரிமாறுவாள். ஒருத்தி சாப்பிடுகிறவன் எவ்வளவு சாப்பிட்டான் என்று பார்த்துப் பரிமாறுவாள். பூங்கொடி முதல் ரகம். கரண்டி கணக்கு. இதைச் சத்தமாகவே சொன்னேன்.

"அப்புடீன்னா அத்தை, மாமா முறையும் என்ற முறையும் ஒண்ணுதானுங்களா?" என்றாள் பூங்கொடி, அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே.

இதையும் எழுதி வைத்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

வீட்டில் கச்சாயம் சுடுகிறார்கள். அமாவாசை என்று சாக்கு.

விஷயம் இதுதான். லேப்டாப்பில் இரண்டு செட்டையும் ஓட்டினாளாம். ஒன்றுக்குப் பச்சைக் கோடு, ஒன்றுக்குச் சிவப்புக் கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படுத்துக்கொண்டன. சிவப்பு மட்டும்தான் தெரிகிறது, அடியில் பச்சை இருக்கிறது என்கிறார்கள்.

"வித்தியாசமே இல்லைம்மா" என்றான் தண்டபாணி. பரீட்சையில் பாஸான முகம். "இத்தனை வருஷம் ஒண்ணுமில்லாததுக்குச் சண்டை போட்டிருக்கீங்க. உட்ருங்க."

கதிர்வேல் கச்சாயத்தோடு தலையாட்டினான். அவனுக்கும் கச்சாயம்.

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வயலில் கல்லு நட்டு எல்லை காத்தவளிடம் வந்து, இரண்டு பக்கமும் ஒரே வயல்தான் என்று சொன்னால்? ஒரு தம்பியை விட்டிருக்கிறேன். ஒன்றுமில்லாததற்கு விட்டேன் என்று ஒரு சிவப்புக் கோடு சொல்லுமா?

"ரெண்டும் ஒண்ணு இல்லை. எனக்குத் தெரியும். ரெண்டையும் இந்தக் காதுல கேட்டவ நான்" என்றேன்.

தாரிகா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "நெசமாவே வித்தியாசம் கேட்டுச்சா அப்பத்தா? அப்ப, எது நல்லாருந்துச்சு?"

அரிசி களைய வேண்டியிருந்தது. போய்விட்டேன்.

மார்ச் 11, திங்கள்

காலையில் எதிர்க்கடையில் சோதனைக்கு ஒரு பாட்டுப் போட்டான். ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் தவில் தெளிவாகக் கேட்டது. ஜன்னல் சரியாகச் சாத்துவதில்லை போலிருக்கிறது. தச்சனைக் கூப்பிட வேண்டும்.

மார்ச் 14, வியாழன்

ஜெயித்தேன்.

தாரிகா சாப்பாட்டுத் தட்டோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பத்தா, நாந்தான் தப்புப் பண்ணீட்டேன். நீ வித்தியாசம் கேட்டுதுன்னு சொன்னது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. திரும்பிப் போயிப் பாத்தேன். ஸ்பீக்கருக்குப் பதிலா வெறும் எட்டு ஓம் ரெசிஸ்டரைப் போட்டு ஓட்டியிருக்கறேன்."

"அதனால என்ன?"

"ரெசிஸ்டர் எந்தச் சத்தத்துக்கும் ஒரே அளவுதான் இழுக்கும். ஸ்பீக்கர் அப்புடியில்லை. அதுக்குள்ள காயில் இருக்குது, ஆடற கோன் இருக்குது. ஒரு சத்தத்துக்கு நெறைய இழுக்கும், ஒண்ணுக்குக் கொஞ்சமா இழுக்கும். ரெசிஸ்டர் முன்னால ரெண்டு முறையும் ஒரே மாதிரிதான் தெரியும்."

ஆளுக்குப் பதில் அம்மிக்கல்லை இலையில் உட்கார வைத்துப் பரிமாறியிருக்கிறாள். கல்லுக்கு என்ன தெரியும், யார் பரிமாறினால் என்ன? படித்த பிள்ளை, ஆனால் தப்பை மறைக்காமல் வந்து சொன்னாள். அந்தக் குணம் என் பக்கத்துச் சொந்தம்.

ஸ்பீக்கரைப் போட்டு மறுபடி ஓட்டியதில் கோடுகள் பிரிந்துவிட்டன. பச்சை, எங்கள் வீட்டு முறை, வாய்க்கால் வரப்புப்போல நேராகப் போகிறது. சிவப்பு, அவன் முறை, தாழ்ந்த சத்தத்தில் ஒரு குன்று ஏறி இறங்கி, கடைசியில் மறுபடி மேலே போகிறது.

"பாத்தியா? நேரா இருக்கறது எது, கோணலா இருக்கறது எது?" என்றேன்.

"நேரா இருந்தாத்தான் நல்லாக் கேக்கும்னு இல்லை அப்பத்தா. அந்தக் குன்று இருக்கற எடத்துலதான் தவில் இருக்குது."

"நீ செஞ்சு பாத்தது பொம்மைச் செட்டு. 'மயிலை'க் கழட்டி, அதுல இருக்கறபடியே உள்ள போடு. எவ்வளவு நேராப் போகுதுன்னு அந்தக் கதிர்வேலைக் கூப்புட்டுக் காட்டு."

தண்டபாணி திகைத்துவிட்டான். அவர் போனதிலிருந்து அந்தப் பெட்டியின் மூடியை யாரையும் திறக்க விட்டதில்லை. தூசி தட்டுவதுகூட நான்தான்.

"நெசமாலுமாம்மா?"

"நெசமாலும்தான்."

பருப்புப் பாயசம் நானே வைத்தேன். கதிர்வேலுக்கு இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

சூடம் காட்டி 'மயிலை' இறக்கிக் கொடுத்தேன். தாரிகா இரண்டு கையாலும் வாங்கிக் கீழே கடை மேஜைக்குக் கொண்டுபோனாள். படத்துக்குக் கீழே ஸ்டாண்ட் வெறுமையாக இருக்கிறது. வெற்றிலைத் தட்டை வைத்தேன். பொருந்தவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

"ஆச்சா?" என்றேன். "இன்னும் இல்லை அப்பத்தா, ஒயரு எல்லாம் எங்கெங்கயோ போகுது" என்றாள் தாரிகா. என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணில் தூசி விழுந்ததுபோலச் சிவந்திருந்தது. ஈயப் புகை ஆகாது என்று சொன்னால் கேட்பதில்லை.

மார்ச் 21, வியாழன்

இந்த வீட்டில் சதி நடக்கிறது. நான் படியிறங்கினால் கீழே பேச்சு நின்றுபோகிறது. கதிர்வேல் பின்வாசல் வழியாக வந்து போகிறான். தண்டபாணி என்னைப் பார்த்து, "சாப்புட்டியாம்மா?" என்கிறான். பகல் பதினொரு மணிக்கு. என் மகன் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டது போன வருஷக் காய்ச்சலின்போதுதான்.

ஏமாற்றிச் சம்மதம் வாங்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. சம்மதத்தைப் பற்றி இப்போது ஒருத்தரும் பேசுவதே இல்லை.

மார்ச் 23, சனி

தாரிகா பெட்டி கட்டுகிறாள்.

"பெங்களூருக்கே போயிர்றேன் அப்பத்தா" என்றாள். "கடையைச் சேக்க வேண்டாம். அது அது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"ஏன்? கம்ப்யூட்டரு என்ன சொல்லுச்சு? 'மயில்' நேராப் போகுதா இல்லையா?"

"போகுது அப்பத்தா."

"கோட்டைக் காட்டு."

"லேப்டாப்புல சார்ஜ் இல்லை."

சின்ன வயதிலிருந்து இந்தப் பிள்ளை பொய் சொன்னால் இடது காது சிவக்கும். சிவந்தது. பூங்கொடி அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள். அவள் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்து நான் கேட்டதே இல்லை.

அவளுக்குக் கொண்டுபோக எள்ளுருண்டை பிடிக்க வேண்டும். வெல்லம் பத்தாது.

மார்ச் 24, ஞாயிறு

எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி என்றேன். 'மயிலை'த் திரும்ப மேலே கொண்டுவந்து வைக்கலாம் என்று கீழே இறங்கினேன்.

மூடியில்லாமல் மேஜைமேல் இருந்தது. அவர் ஈயம் வைத்த இடமெல்லாம் மழைத்துளிபோல உருண்டு பளபளப்பாக இருந்தது. ஸ்பீக்கருக்குப் போகிற கறுப்பு ஒயரைப் பார்த்தேன். அது நேராகத் தரைக்குப் போகவில்லை. நடுவில் இரண்டு கொண்டிக்கு இடையில் ஒரு சுருள்.

நாலு சுற்று.

அடுப்பில் பால் பொங்கி வழிந்த கறை ஒரு பக்கம் இன்னும் இருக்கிறது. பெற்ற பிள்ளையின் காது மடலை அடையாளம் கண்டுபிடிப்பதுபோல அதைக் கண்டுபிடித்தேன்.

பெட்டியைத் தூக்கவில்லை. மேலே வந்துவிட்டேன். படியேறும்போது முழங்கால் நிஜமாகவே வலித்தது.

மார்ச் 25, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. மாவு புளித்துவிட்டது.

மார்ச் 27, புதன்

எள்ளுருண்டை பிடித்தேன். தாரிகா பக்கத்தில் உட்கார்ந்து எள்ளில் கல் பொறுக்கினாள்.

"கரண்ட் முறைன்னா ஸ்பீக்கரு காலடியில ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும்னு சொன்னியே."

"ஆமா அப்பத்தா."

"அது கடையில வாங்கறதாத்தான் இருக்கோணுமா?"

கல் பொறுக்குவதை நிறுத்தினாள். "அப்புடியில்லை. கரண்ட்டுக்குக் கொஞ்சம் தடையாவும் இருக்கோணும், சூட்டையும் தாங்கோணும். எதுனாலும் சரி." பிறகு முறத்தை ஒரு தட்டுத் தட்டி, "அடுப்புக் கம்பியா இருந்தாக்கூட" என்றாள்.

"கோடு எப்புடிப் போச்சு?"

"குன்று ஏறி இறங்குது அப்பத்தா. மொதல்ல நான் ஏதோ தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சேன். அப்புறந்தான் அந்தக் கம்பியைப் பாத்தேன். அப்பாரு அந்தத் தாத்தா முறையைத்தான்..." சொல்லி முடிக்கவில்லை.

"இதுக்காகவா பெங்களூரு போறேங்கறே?"

"நீ அந்தப் பொட்டிக்குத் தெனமும் சூடம் காட்டறே. கடை சேந்துதுன்னா இதுவும் வெளிய வந்துரும். எப்புடி அப்பத்தா சொல்றது?"

அவள் கல் என்று ஒதுக்கியதில் ஒன்றை எடுத்துக் காட்டி, "இது கல்லில்லை, எள்ளு. பாத்துப் பொறுக்கு" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 29, வெள்ளி

வீதியைக் கடந்தேன். அவ்வளவு அகலமான வீதி இல்லை.

எதிர்க்கடையில் இருந்தவர்கள்: சென்னியப்பன் மட்டும். கதிர்வேல் என்னைப் பார்த்ததும் ஒரு வேலை ஞாபகம் வந்தவன்போல வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சென்னி சாய்வு நாற்காலியில் இருந்தான். தலையெல்லாம் பஞ்சு. எழுந்திருக்கப் பார்த்தான், ஒரே முயற்சியில் முடியவில்லை. நேற்றுத்தான் பார்த்துப் பேசிக்கொண்டதுபோல, "வாக்கா" என்றான்.

"தண்ணி குடிக்க வரலை" என்றேன்.

"நான் குடுக்கறேன்னு சொல்லலையே."

நின்றுகொண்டே கேட்டேன். "நாலு சுத்துக் கம்பி. உனக்குத் தெரியுமா?"

"தாரிகா வந்து கேட்டுட்டுப் போனா. நீ வருவீன்னு நெனச்சேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மாமா வந்தாரு, அக்கா. அந்த மழைக்காலத்துல. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீக்கடையில வெச்சு, 'சென்னி, நீ சொன்னதுதான் சரி. எவ்வளவு ஓம் போட்டே?'ன்னாரு. சொன்னேன். அந்த மாதிரி ரெசிஸ்டர் இங்க கெடைக்கலைன்னாரு. நாந்தான், 'அக்காளுக்கு நான் வாங்கிக் குடுத்த அடுப்பு இருக்குதுங்களே, அதுல நாலு சுத்து வெட்டிக்கங்க'ன்னேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்த டீக்கடையில பாத்துக்குவோம். அவரு கடைசியாப் படுக்கற வரைக்கும்."

"பேசிக்குவீங்களா?"

"பேசாம டீயை மட்டுமா குடிப்பாங்க?"

இத்தனை வருஷமும் நான் இவன் வாசலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அம்மா காரியத்தில்கூட இவன் நின்ற பக்கம் நிற்கவில்லை. ஆம்பளைகள் இரண்டு பேரும் தாராபுரத்தில் டீ குடித்திருக்கிறார்கள். வடையும் தின்றிருப்பார்கள். அவருக்கு வடை ஆகாது என்று நான் வீட்டில் போடுவதில்லை.

"எனக்கு ஏன்டா சொல்லலை?"

"மாமா வாக்கு வாங்கிக்கிட்டாரு. 'உங்கக்கா எனக்காகக் கூடப்பொறந்தவனையே உட்டுட்டு நிக்கறா. இப்பப் போயி அவன் சொன்னதுதான் சரின்னு எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சொல்றது'ன்னாரு. அடுத்த நோம்பிக்குச் சொல்லிக்கலாம், அடுத்த நோம்பிக்குச் சொல்லிக்கலாம்னே போச்சு."

"அவரு போனதுக்கப்புறம் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ ஜன்னலைச் சாத்தறவ. எங்க வந்து சொல்றது? அதான் தெனமும் காத்தால செட்டைத் திருப்பி உன்ற ஜன்னலுக்கு நேரா வெச்சு ஓட்டுனேன்."

"அது சோதனைன்னு நெனச்சேன்."

"இருக்கறது ரெண்டு செட்டு. தெனமும் என்னத்தைச் சோதிக்கறது?"

"சாத்துனா எனக்கு எங்க கேக்கும்?"

"சாத்திட்டு நீ அங்கயே நிப்பியே. கண்ணாடியில நெழலு தெரியும்."

அந்தக் கண்ணாடியைத் துடைத்து ரொம்ப நாளாச்சு என்றேன்.

அவன் கஷ்டப்பட்டு எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் பெட்டிமேல் என் பக்கத்தில் வைத்தான். "அக்கா, நான் அன்னைக்குக் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலை. எது நல்லாக் கேட்டுது?"

சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டியதில்லை. அவன் வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அந்த அசிங்கப் பழக்கம் அவனுக்கு.

சொம்பு காலியாகத்தான் இருந்தது, நான் கிளம்பும்போது. வெயில் அதிகம்.

மார்ச் 31, ஞாயிறு

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: தண்டபாணி, பூங்கொடி, தாரிகா, கதிர்வேல், சென்னியப்பன். மாடிப்படி ஏற அவனுக்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது. நான்தான் விசிறினேன். வேறு யாருக்கும் கை காலியாக இல்லை.

இரண்டு கடையும் சேரட்டும் என்று சொன்னேன். பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்று தண்டபாணி கேட்டான். "மயில்னே இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றான் சென்னி. அது நல்ல பெயர்தான்.

தாரிகா பெட்டியைப் பிரித்துவிட்டாள். எள்ளுருண்டை முழுவதையும் கதிர்வேல் தின்றான்.

கரண்ட் முறையிலேயே செய்யலாம், ஆனால் குன்றைக் கொஞ்சம் குறைத்து என்கிறாள் தாரிகா. குறைக்க வேண்டியதில்லை என்கிறான் சென்னி. இரண்டு பேரும் லேப்டாப்பை நடுவில் வைத்துச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். இந்தச் சண்டையிலாவது ஆளுக்கு முன்னால் உண்மையான ஸ்பீக்கர் ஒன்றை வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

'மயில்' மேலே வந்துவிட்டது. படத்துக்குக் கீழே வைக்கச் சொல்லவில்லை. ஜன்னலோரம், வீதியைப் பார்க்க வைத்திருக்கிறேன். படத்துக்கு மாலை மாற்றட்டுங்களா அத்தை என்று பூங்கொடி கேட்டாள். பழையதே போதும் என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதையும் மன்னித்தேன்.

இன்று மன்னித்தவர்களை எழுதிவிடுகிறேன். கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் கதிர்வேலை. கேட்காமல் காபி கொடுத்ததற்குப் பூங்கொடியை. பின்வாசல் ரகசியத்துக்குத் தண்டபாணியை. பொய் சொன்ன காதுக்காகத் தாரிகாவை. சென்னியை, ஏனென்றால் அவன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், அதோடு அடுப்பும் அவன் வாங்கிக் கொடுத்தது.

மன்னிக்காத ஒருவர் பாக்கி. ஒரு வார்த்தையில் எனக்குத் தம்பியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் டீ குடித்தவர். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இனிக் குறைய ஒன்றும் இல்லை.

நாச்சிமுத்து.